ஓடும் எஞ்சினில் காயிலைக் கழற்றலாமா?

கேள்வி: எங்கள் பெட்ரோல் காரில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்). கிங்ஸ் சர்க்கிளில் தேங்கிய மழைத்தண்ணீரைக் கடந்து வந்ததிலிருந்து எஞ்சின் குலுங்குகிறது, ‘செக் எஞ்சின்’ விளக்கும் எரிகிறது. எஞ்சினை ஓடவிட்டு, காயில்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். சரியா?
— வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: கூடவே கூடாது. அது சி.பி. பாயின்ட் (எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு முந்தைய, திறந்து மூடும் தொடுமுனை) காலத்துப் பழக்கம். எலக்ட்ரானிக் இக்னிஷனில் காயில் 20,000 முதல் 40,000 வோல்ட் வரை எழுப்பும். பிளக்கைவிட்டு விலகிய காயிலில் பொறி பாய வழி இல்லாதபோது, அந்த அழுத்தம் காயிலின் இன்சுலேஷனையே துளைக்கும். காயிலை இயக்கும் டிரான்சிஸ்டரும் சேர்ந்து போகலாம். பல கார்களில் அது இசியூவுக்குள் (எஞ்சினை இயக்கும் கணினி) இருப்பதால் செலவு எங்கோ போய்விடும். ஷாக் அடித்து உதறும் கை, சுற்றும் பெல்ட்டில் சிக்கும் ஆபத்தும் உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் எஞ்சின் மேல் குனியவே வேண்டாம்.

விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும்.

முதலில் ஸ்கேனரில் பிழைக் குறியீட்டைப் படித்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் அது அழிந்துவிடும். உதாரணமாக, பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. எஞ்சின் ஆறட்டும். சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிய பிறகே காயிலில் கை வைக்க வேண்டும். இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாற்றிப் போட்டு, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான் கெட்டது. மாறாவிட்டால் அடுத்த சந்தேகம் பிளக், அதன் பிறகு பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்.

உங்கள் வண்டியில் தண்ணீர் பிளக் குழிக்குள் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பிளக்கைக் கழற்றும் முன் குழியைக் காற்றடித்து உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரும் மணலும் சிலிண்டருக்குள் விழும். காயிலின் ரப்பர் உறைக்குள் பென்சில் கோடு போலக் கறுப்புத் தடம் இருந்தால் பொறி அந்த வழியாகத் தப்பி ஓடுகிறது. துடைத்தால் தீராது. உறையையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏனெனில் தடம் பிளக்கின் பீங்கானிலும் பதிந்திருக்கும். புதுப் பிளக்கைக் கையாலேயே கடைசிவரை திருகி, பிறகு டார்க் ரெஞ்சால் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். அலுமினிய ஹெட்டில் மிகை இறுக்கம் மரையைக் கெடுத்துவிடும்.

கேள்வி: பைக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக் கிக் அடிக்கலாமா?
— வாசகர், தாராவி

பதில்: பிளக்கைக் கையில் பிடிக்காதீர்கள். ஸ்பார்க் டெஸ்டரை பிளக்கின் மேல் மாட்டும் ஒயர் மூடியில் மாட்டி, அதன் கிளிப்பை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் கவ்வவிட்டுக் கிக் அடியுங்கள். எர்த் இல்லாமல் அடித்தால் சிடிஐ யூனிட் (பொறியை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) கெடலாம். கழற்றிய பிளக்கின் துளை வழியே பெட்ரோல் ஆவி சீறும். பொறி அதன் அருகில் விழுந்தால் தீப்பிடிக்கும். ஆகவே பழைய பிளக் ஒன்றைத் துளையில் மாட்டி மூடிவிட்டுச் சோதிப்பதே நல்லது.