தமிழில் யோசித்து எழுதினால் தப்பா?

(வாசகர் கேள்வி – பதில்)

ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். நான் ஆங்கில ஆசிரியை இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அறிக்கைகளையும் கையேடுகளையும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்குமாக மாற்றிக் கொடுத்துப் பிழைக்கிறவள். தப்பு செய்து, சிவப்பு மையில் திருத்தம் வாங்கித் தெரிந்துகொண்டதைத்தான் சொல்ல முடியும்.

எழுத உட்கார்ந்தால் முதலில் தமிழில்தான் வாக்கியம் வருகிறது. அதை மொழிபெயர்க்கிறேன். 'ஆங்கிலத்திலேயே யோசி' என்கிறார்கள். எனக்கு முடியவில்லை.
– முதுகலை மாணவி

எப்படி யோசிப்பது என்று ஒருவருக்கு உத்தரவு போட முடியாது. தமிழில் வருகிறதா, வரட்டும். எந்த மாதிரித் தமிழ் வாக்கியத்தை அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்பதில்தான் சிக்கல்.

இதைப் பாருங்கள்: 'போன வாரம் நாங்கள் அனுப்பிய, இன்னும் யாரும் பதில் சொல்லாத கடிதத்தைப் பற்றிப் பேசுவதற்காக நேற்று வந்து, இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போன அதிகாரி இன்று போன் செய்தார்.' மூச்சு வாங்கினாலும் நமக்குப் புரிந்துவிடுகிறது. நம் வினைமுற்று கடைசியில் வரும். அதற்கு முன்னால் வந்து, இருந்து, விட்டு என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். பெயருக்கு முன்னால் அனுப்பிய, சொல்லாத, போன என்று அடுக்கலாம். படிப்பவர் கடைசிவரை பொறுமையாகக் காத்திருப்பார். ஆங்கிலம் படிப்பவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. யார், என்ன செய்தார் என்பது சீக்கிரமே கைக்கு வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வரியின் நடுவில் வழி தவறிவிடுவார்.

அதனால் ஆங்கிலத்துக்குப் போகும் முன்பே, தமிழிலேயே உடைத்துவிடுங்கள். 'அதிகாரி இன்று போன் செய்தார். அவர் நேற்று இங்கே வந்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்தார். போன வாரம் நாங்கள் ஒரு கடிதம் அனுப்பினோம். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் வந்தார்.' ஆறு வாக்கியம். ஒவ்வொன்றையும் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாம். எழுதிய பிறகு, இரண்டை மட்டும் 'ஹூ' அல்லது 'விச்' போட்டு இணைத்துப் பாருங்கள். ஆறையும் இணைக்க ஆசைப்பட வேண்டாம்.

இன்னொன்று. தமிழில் 'வந்தேன்' என்றால் அதற்குள்ளேயே நான் இருக்கிறேன். 'அவர் டாக்டர்' என்பதில் வினையே இல்லை. ஆங்கிலத்துக்கு 'ஐ'யும் வேண்டும், 'இஸ்'ஸும் வேண்டும். உடைக்கும்போதே இந்த இரண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

'ஏ', 'த' இரண்டையும் எங்கே போடுவது என்று பதினைந்து வருஷமாகப் பிடிபடவில்லை. விதிகளைப் படித்தால் தலை சுற்றுகிறது.
– கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்

பாதி விதி உங்கள் வாயிலேயே இருக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் வித்தியாசம் தெரிகிறதா? முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில், நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த புத்தகம். அந்த 'ஐ' உருபு செய்கிற வேலைக்கு மிக அருகில் இருப்பதுதான் ஆங்கிலத்தின் 'த'. 'மேஜைமேல் சாவி கிடந்தது. சாவியை எடுத்துப் பூட்டில் போட்டுப் பார்த்தேன்.' முதல் சாவி 'ஏ கீ', இரண்டாவது 'த கீ'. உருபு வராத இடங்களில் 'ஒரு' போட்டுப் பாருங்கள், 'அந்த' போட்டுப் பாருங்கள். எது உறுத்தாமல் உட்கார்கிறதோ அதை வைத்து முடிவு செய்யலாம். பெரும்பாலும் தப்பாது. நதிப் பெயருக்கு முன்னால் 'த' வரும், ஊர்ப் பெயருக்கு முன்னால் பொதுவாக வராது என்பது போன்ற மிச்சத்தை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். அதற்கு நியாயம் தேடாதீர்கள்.

தமிழ் கைவிடும் இடம் ஒன்று உண்டு. நாம் தகவல்கள், அறிவுரைகள், உபகரணங்கள் என்று தாராளமாக எண்ணுவோம். ஆங்கிலத்தில் 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எக்விப்மென்ட்' மூன்றையும் எண்ண முடியாது. முன்னால் 'ஏ' வராது, பின்னால் 'எஸ்' வராது. இதைக் காதால் கண்டுபிடிக்க வழியில்லை, அகராதியைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் கற்பவர்களுக்கான அகராதியை. வழக்கமான அகராதி அந்த மொழிக்காரருக்காக எழுதியது. 'அட்வைஸ்' என்றால் என்ன என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர், வெளிமொழிக்காரர் எங்கே சறுக்குகிறார் என்பதைக் கிட்டத்தில் பார்த்தவர். அவர் இரண்டு சக ஆசிரியர்களுடன் சேர்ந்து தொகுத்த அகராதி 1942-ல் ஜப்பானிலேயே வெளியானது. 1948-ல் அதை ஆக்ஸ்ஃபர்டு வெளியிட்டது. எண்ணக்கூடிய பெயரா இல்லையா, எந்த வினைக்குப் பின்னால் எது வரும் என்பதையெல்லாம் குறித்துக் காட்டியது. இன்று பெரிய பதிப்பகங்கள் பலவும் இப்படி ஒன்று வைத்திருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவும் பார்க்கலாம். 'டிஸ்கஸ்' என்று தேடிப் பாருங்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களில் அதற்குப் பின்னால் 'அபவுட்' இருக்காது. அந்த 'அபவுட்', 'அதைப் பற்றி' என்பதிலிருந்து நாம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆறு மாதமாகத் தினமும் ஆங்கிலத்தில் டைரி எழுதுகிறேன். வேகம் வந்திருக்கிறது, முன்னேற்றம் தெரியவில்லை. ஏன்?
– இல்லத்தரசி

டைரி திருத்தாது, அதனால்தான். முதல் நாள் செய்த தப்பையே நூற்றெண்பதாவது நாளும் செய்திருப்பீர்கள், இன்னும் வேகமாக. கூச்சம் போயிருக்கும். அது நல்லதுதான்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய வழி. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் இளவரசியாக இருந்தபோது அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ராஜர் ஆஸ்கம் என்பவர் ஒருவர். அவர் இறந்த பிறகு 1570-ல் அச்சான நூலில், லத்தீன் கற்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறார். லத்தீன் பத்தி ஒன்றை ஆங்கிலத்தில் எழுது. குறைந்தது ஒரு மணி நேரம் விடு. பிறகு உன் ஆங்கிலத்தைப் பார்த்து மறுபடி லத்தீனில் எழுது. கடைசியில் மூலத்தோடு ஒப்பிடு. அவ்வளவுதான். அன்று ஆங்கிலேயப் பிள்ளைக்கு லத்தீன் எப்படியோ, இன்று நமக்கு ஆங்கிலம் அப்படி.

நான் செய்தது இது. நன்றாகப் புரிகிற ஆங்கிலப் பத்தி ஒன்று, ஐந்தாறு வரி. அதை இயல்பான தமிழில் எழுதுவேன். மூடி வைத்துவிட்டு, மறுநாள் தமிழை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுவேன். அப்புறம்தான் மூலத்தைத் திறப்பேன். ஒரு தடவை மூலத்தில் 'ஷி ஹேட் பீன் வெய்ட்டிங் ஃபார் அன் அவர்' என்று இருந்தது. என்னுடையது 'ஷி வாஸ் வெய்ட்டிங் சின்ஸ் ஒன் அவர்'. ஒரே வரியில் இரண்டு அடி. 'ஒரு மணி நேரமாக' என்பதில் உள்ள 'ஆக'வை நான் எப்போதும் 'சின்ஸ்' ஆக்கிக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே பத்தியில் 'ஷி ஷுக் ஹர் ஹெட்' என்று இருந்ததைத் தமிழில் 'தலையை ஆட்டினாள்' என்று எழுதி வைத்திருந்தேன். மறுநாள் அதைப் பார்த்து 'நாடட்' என்று எழுதிவிட்டேன். மறுத்தவளைச் சம்மதிக்க வைத்துவிட்டேன்!

ஒவ்வொரு பத்திக்கும் மூன்று வித்தியாசம் மட்டும் நோட்டில் குறித்தேன். எல்லாவற்றையும் குறித்தால் அலுத்துவிடும். முப்பது பத்தி ஆனதும் எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் மூன்றே வகைத் தப்பு: காலம், 'சின்ஸ்' மாதிரிச் சின்னச் சொற்கள், 'த'. நான் பயந்துகொண்டிருந்த ஸ்பெல்லிங் அந்தப் பட்டியலிலேயே இல்லை. டைரியை நிறுத்த வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் அதற்குப் பதிலாக இதைச் செய்து பாருங்கள்.

பட்டியலிலிருந்து தினம் பத்துப் புதுச் சொல் படிக்கிறேன். கட்டுரையில் போட்டால் 'செயற்கையாக இருக்கிறது' என்கிறார் ஆசிரியர்.
– கல்லூரி மாணவர்

மழை பெய்யும், காற்று வீசும், வெயில் அடிக்கும். 'வெயில் வீசியது' என்று ஒருவர் எழுதினால் இலக்கணப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் சிரிப்போம். பட்டியலில் தனியாகப் படித்த சொல்லுக்கு அதன் ஜோடி தெரியாது. கனத்த மழைக்கு 'ஹெவி', பலத்த காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. மாற்றிப் போட்டால் நம் 'வெயில் வீசியது' கதைதான். அதனால் சொல்லைக் குறிக்காதீர்கள், இரண்டு மூன்று சொல் சேர்ந்த துண்டாகக் குறியுங்கள்.

பத்துச் சொல்லும் தேவையா என்றும் யோசியுங்கள். 1978-ல் வந்த லாங்மன் கற்போர் அகராதி, தன் விளக்கங்களைச் சுமார் 2000 சொற்களை மட்டும் வைத்தே எழுதியது. அந்த 2000-ல் எத்தனையை நீங்கள் யோசிக்காமல் சரியாக எழுதுவீர்கள்? 'டேக்', 'மேக்', 'கெட்' மூன்றுக்கே ஒரு மாதம் போகும்.

என் மின்னஞ்சலைச் செயலியில் போட்டால் ஒரு நொடியில் அழகாக மாற்றித் தருகிறது. அப்புறம் நான் எதற்குக் கற்க வேண்டும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

அவசரக் கடிதத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், நானும் செய்கிறேன். ஆனால் அதற்குத் தெரிவது நீங்கள் எழுதியது மட்டும்தான். நினைத்தது தெரியாது.

என் கதையைக் கேளுங்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டவணையின் இரண்டாவது எண் தப்பாக இருக்கும் என்று தோன்றியது. 'ஐ டவுட் த செகண்ட் ஃபிகர் இஸ் ராங்' என்று எழுதி அனுப்பினேன். எண்மேல் சந்தேகம் என்று சொன்னதாக என் நினைப்பு. 'நன்றி, அப்படியே விட்டுவிடுகிறோம்' என்று பதில் வந்தது. இதென்ன, வினோதமான ஆள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். தப்பு எண்ணோடு அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. 'ஐ டவுட்' என்றால் 'அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்' என்று பொருள். அதாவது, எண் தப்பாக இருக்காது என்று நானே நற்சான்று கொடுத்திருக்கிறேன். எழுதியிருக்க வேண்டியது 'சஸ்பெக்ட்'. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'சந்தேகம்'. வகுப்பில் 'டவுட்' கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

அந்த வரியில் இலக்கணப் பிழை இல்லை. எந்தச் செயலியும் அப்படியே விட்டிருக்கும், அல்லது இன்னும் மெருகேற்றி அதே தப்பு அர்த்தத்தை அனுப்பியிருக்கும். மெருகேற்றியதைப் படித்து 'இது நான் சொன்னதுதானா?' என்று பார்க்கிற அளவுக்காவது உங்களுக்கு ஆங்கிலம் வேண்டும்.

கற்கவும் அதைப் பயன்படுத்தலாம். 'மாற்றி எழுதாதே. எந்த வரியில் பிழை என்று மட்டும் சொல்' என்று கேளுங்கள். நீங்களே திருத்திவிட்டு மறுபடி காட்டுங்கள். இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

வெளிநாடு போவதற்காக ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறேன். அதன் எழுத்துப் பகுதியில் இரண்டு கட்டுரை. இரண்டாவது கட்டுரைக்கு நேரம் போதவில்லை.
– செவிலியர்

இரண்டுக்கும் சேர்த்து மொத்தம் 60 நிமிடம். இரண்டாவது கட்டுரைக்குக் குறைந்தது 250 சொல், 40 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். மதிப்பெண்ணில் முதலாவதைப் போல் இரண்டு மடங்கு அதற்குத்தான். நேரம் போதாது என்று தோன்றினால் அதையே முதலில் எழுதுங்கள். கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கருத்து கோவையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம் என்று நான்குக்கும் சம பங்கு. ஆகவே இலக்கணத்துக்குப் பயந்து முதல் வரியிலேயே பத்து நிமிடம் நிற்காதீர்கள். உங்கள் நிலைப்பாட்டை ஓரமாகத் தமிழில் ஒரே வரியில் குறித்துக்கொண்டு தொடங்குங்கள். கடைசி நாலு நிமிடம் உங்களுக்கு வழக்கமாக வரும் மூன்று தப்பை மட்டும் தேடுங்கள். மனப்பாடம் செய்த பத்தியை உள்ளே செருகாதீர்கள், திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

எழுதியதை யாரிடம் காட்டுவது?
– வாசகர்

ஆங்கிலம் அதிகம் தெரிந்தவரைவிட, 'இந்த இடம் எனக்குப் புரியவில்லை' என்று கூசாமல் சொல்பவரிடம்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு உங்களுக்கும் தப்பு வருமா?
– கல்லூரி மாணவர் (சொற்பட்டியல்காரர்தான்!)

போன வாரம் ஒரு மின்னஞ்சலை 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று முடித்து அனுப்பிவிட்டேன். அந்த 'டு'வுக்குப் பின்னால் 'மீட்டிங்' வர வேண்டும். அனுப்பிய மறு நொடி கண்ணில் பட்டது. நோட்டைப் புரட்டினால் இதே தப்பு ஏற்கெனவே நாலு இடத்தில் இருக்கிறது. தேதி போட்டு ஐந்தாவதையும் எழுதி வைத்தேன்.