பழைய மாளிகையில் வசந்தகாலக் கல்யாணம்: போஸ் இல்லாமல் படமெடுப்பது எப்படி?

கேள்வி: நெருங்கிய தோழியின் கல்யாணத்தை நான்தான் படமெடுக்கப் போகிறேன். இருநூறு ஆண்டுப் பழைய மாளிகை, வசந்த காலம், விருந்தினர் 60 பேர்தான். மதியம் மணச்சடங்கு, பிறகு தோட்டத்தில் அரட்டை, மாலையில் விருந்து, இரவில் நடனம். "யாரையும் நிறுத்தி வைக்காதே, நடக்கிறதை நடக்கிறபடி எடு" என்கிறாள். மாளிகைக்குள் ஃப்ளாஷுக்கும் ட்ரைபாடுக்கும் அனுமதி இல்லை. கையில் இரண்டு ஃபுல் ஃபிரேம் கேமரா, 35 மி.மீ., 85 மி.மீ. லென்ஸ்கள் இருக்கின்றன, இரண்டும் f/1.8. எப்படித் தயாராவது? எங்கே சறுக்கும்?

பதில்: உங்களிடம் இருக்கும் கருவிகள் போதும். இன்னொரு லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பணத்தில் மெமரி கார்டும் பேட்டரியும் வாங்குங்கள். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தன் வேலையில் பெரும்பகுதியை ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸில், ஃப்ளாஷ் இல்லாமல் செய்தவர். உங்களுக்கு அதற்கு இருபுறமும் ஒவ்வொரு லென்ஸ் இருக்கிறது.

தோழி கேட்பது நம் தொழிலில் எல்லோரும் 'கேண்டிட்' என்று சொல்கிறதைவிடக் கொஞ்சம் கூடுதலானது. தூரத்தில் நின்று நீள லென்ஸில் சிரிக்கிற முகங்களைப் பிடித்தால் கேண்டிட் ஆகிவிடும். டாக்குமென்டரிக்கு அந்த நாளின் ஓட்டம் வேண்டும்: யார் யாரோடு பேசினார்கள், எந்த அறையில், எந்த வெளிச்சத்தில், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதெல்லாம். ஆட்களை அடுக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. நேரத்தையும் அறையையும் விளக்குகளையும் நீங்கள் நிற்கும் இடத்தையும் முன்கூட்டியே அடுக்கிவைக்க யாரும் தடை சொல்லவில்லை. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மாளிகையை முன்னதாகப் போய்ப் பாருங்கள்

கல்யாணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு, சடங்கு நடக்கிற அதே நேரத்தில் போங்கள். வசந்தத்தில் பகல் வேகமாக நீள்கிறது. இரண்டு மாதம் முன்னால் பார்த்த வெளிச்சம் அன்றைக்கு அதே சுவரில் விழாது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் நாடாக இருந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

முதலில் கேட்க வேண்டியது ஜன்னல் திரைகளைப் பற்றி. பலரும் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். பழைய துணி, தாள், நீர்வண்ண ஓவியம் உள்ள அறைகளில் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குக் கட்டுப்படுத்துவது பாதுகாப்பாளர்கள் பின்பற்றும் நெறி. அதற்காகவே திரைகளை இறக்கி வைத்திருப்பார்கள். 50 லக்ஸ் என்றால் லென்ஸ் திறப்பு f/2 (எண் குறைந்தால் திறப்பு பெரிது), 1/125 விநாடியில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) ஏறக்குறைய 2500, f/2.8-க்குப் போனால் 5000. எடுக்க முடியாத நிலைமை இல்லை, ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். சடங்கு நேரத்துக்கு மட்டும் திரையை ஏற்றலாமா என்று மாளிகைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே கையை வைத்துத் திரையையோ நாற்காலியையோ நகர்த்தாதீர்கள். அன்றைக்கு உங்களை வெளியே அனுப்ப அது ஒன்றே போதும்.

அடுத்தது விளக்குகள். பழைய சரவிளக்குகளில் இப்போது பெரும்பாலும் எல்இடி பல்புதான் இருக்கும். கேமராவைச் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் போட்டு 1/250, 1/500 வேகங்களில் பத்துப் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். குறுக்கே பட்டை பட்டையாகக் கருமை தெரிந்தால் பல்பு துடிக்கிறது என்று பொருள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/125 வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். டிம்மர் போட்ட சில எல்இடிகள் அதிலும் அடங்காது. அங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். 'க்ளிக்' சத்தம் கேட்டாலும் பரவாயில்லை, பட்டை விழுந்த முகத்தைப் பிறகு சீராக்குவது பெரும்பாடு.

வழிகளையும் நடந்து பாருங்கள். மணப்பெண் எந்தப் படிக்கட்டில் இறங்குவாள், அவளுக்கு முன்னால் நீங்கள் கீழே வர வேறு வழி உண்டா, எந்தக் கதவு பூட்டியிருக்கும். குறுகிய படியில் அவளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முதுகுதான் கிடைக்கும். முதுகுப்பை வேண்டவே வேண்டாம். திரும்பும்போது பீங்கான் ஜாடியில் இடிக்கும். இரண்டு கேமராவும் தோளில், பேட்டரியும் கார்டும் இடுப்புப் பையில், காலில் ரப்பர் அடி செருப்பு.

தயாராகும் அறை

காலையில் அலங்காரம் நடக்கிற அறையைத் தேர்ந்தெடுக்கும்போதே உங்கள் பேச்சு எடுபட வேண்டும். நேரடி வெயில் படாத பெரிய ஜன்னல் உள்ள அறையாகக் கேளுங்கள். வசந்தத்தில் சூரியன் கோடையைவிடத் தாழ்வாக இருப்பதால் கதிர் அறைக்குள் ஆழமாக வந்து விழும். பார்க்க அழகு, ஆனால் பாதி முகம் வெளுத்துப் பாதி முகம் கறுத்துப்போகும்.

அறை விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். மேகமூட்ட நாளின் ஜன்னல் வெளிச்சத்தின் நிறவெப்பநிலை 6000 கெல்வினுக்கு மேல் (எண் கூடினால் நீலம், குறைந்தால் ஆரஞ்சு), மஞ்சள் பல்பு 2700 முதல் 3000, மெழுகுவத்தி 1900 அளவில். இவற்றில் இரண்டு ஒரே முகத்தில் கலந்தால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் ஆரஞ்சு. எந்த ஒயிட் பேலன்ஸும் (கேமராவின் நிறச் சமன் அமைப்பு) இரண்டையும் ஒன்றாகத் திருத்தாது. அலங்காரம் செய்பவருக்குப் போதிய வெளிச்சம் வேண்டுமே என்றால், அவர் நாற்காலியை ஜன்னலை ஒட்டிப் போடச் சொன்னால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

பைகளையும் பிளாஸ்டிக் உறைகளையும் ஆட்கள் வருவதற்கு முன் ஒரு மூலையில் சேர்த்து வைக்கலாமா? வைக்கலாம். சிரித்த தோழியைத் திரும்பச் சிரிக்கச் சொல்லலாமா? கூடாது. முதலாவது அறையைச் சுத்தம் செய்வது, இரண்டாவது அந்த நாளைப் பொய்யாக்குவது. இந்தக் கோட்டை நாங்கள் கறாராகவே பிடிப்போம்.

எக்ஸ்போஷர்: கேமரா சொல்வதை நம்பாதீர்கள்

கேமராவின் ஒளி மீட்டர் பார்க்கிற எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கருமரப் பலகை அடித்த சுவருக்கு முன்னால் ஒருவர் நின்றால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், முகம் வெளுத்துப்போகும், அங்கே –0.7 முதல் –1 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறையுங்கள். வெள்ளையாகவோ வெளிர் நிறத்திலோ உள்ள உடை ஃபிரேமை அடைத்தால் நேர்மாறாக +1. ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவருக்கு முகம் வேண்டுமா, நிழலுரு வேண்டுமா என்று ஷட்டரை அழுத்துவதற்கு முன் முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் எடுத்த படம் இரண்டுக்கும் உதவாது.

எங்கள் பரிந்துரை: மேனுவல் மோடில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நீங்கள் பூட்டிவிட்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். உச்சவரம்பு 12800. இந்த ஸ்டாப்களைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் சக்கரத்தில் கட்டைவிரல் இருக்கட்டும். நின்று பேசுபவர்களுக்கு 1/125, நடப்பவர்களுக்கு 1/250, பூவிதழ் தூவுவதற்கும் குழந்தைகள் ஓடுவதற்கும் 1/500. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இருட்டாக எடுத்துக் கணினியில் வெளிச்சத்தைக் கூட்டலாம் என்று எண்ணாதீர்கள். நிழல் பகுதிகளில் இரைச்சல் புள்ளிகள் (நாய்ஸ்) குறையாது, பல கேமராக்களில் கூடவே செய்யும்.

தெளிவு விழும் ஆழத்தையும் கணக்கில் வையுங்கள். 3 மீட்டர் தூரத்தில் f/2 வைத்தால் 85 மி.மீ. லென்ஸில் தெளிவாக விழுவது சுமார் 15 செ.மீ. மட்டும், 35 மி.மீ. லென்ஸில் சுமார் 90 செ.மீ. அருகருகே நிற்கும் இருவரில் ஒருவர் அரை அடி பின்னால் இருந்தால் 85-இல் அவர் கலங்கிவிடுவார். அதனால் இருவர் பேசும் காட்சிக்கு 85-ஐ f/2.8-க்கு மேல் மூடுங்கள், அல்லது 35-ஐ எடுத்துக்கொண்டு பக்கத்தில் போங்கள். பழைய அறைகளில் பின்னணியும் கதை சொல்வதால் நாளின் பெரும்பகுதிக்கு 35-தான் கையில் இருக்க வேண்டும். ஆனால் கேமராவை மேலோ கீழோ சாய்த்தால் தூண்களும் கதவுச் சட்டங்களும் சரிந்து நிற்கும். மட்டமாகப் பிடித்து, தேவையானால் முழங்காலை மடக்குங்கள்.

மணச்சடங்கு

நடத்திவைப்பவரிடம் இரண்டே கேள்வி: நான் எதுவரை வரலாம், நடுவில் இடம் மாறலாமா? பதில் கண்டிப்பாக இருந்தால் முன்பக்க ஓரத்தில், மணமக்கள் முகமும் முதல் வரிசைப் பெற்றோர் முகமும் ஒரே இடத்திலிருந்து தெரியும் மூலையைப் பிடியுங்கள். புதிதாக எடுப்பவர்கள் செய்கிற பெரிய தவறு, முழு நேரமும் மணமக்களையே பார்த்துக்கொண்டிருப்பது. மோதிரம் மாற்றும் கணத்தில் ஒரு படம் அவர்களுக்கு, உடனே திரும்பி அடுத்தது அப்பாவுக்கு. மனிதர்கள் உணர்ச்சிவசப்படுவது நிகழ்ச்சி முடிந்து ஓரிரு விநாடி கழித்துத்தான், ஆகவே எல்லோரும் கேமராவை இறக்கும் நேரத்தில் நீங்கள் இறக்காதீர்கள்.

மாளிகைகளில் நிலைக்கண்ணாடிகள் நிறைய இருக்கும். உங்கள் உருவமே உள்ளே விழும். ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தால், ஒரே ஃபிரேமில் பேசுபவரும் கண்ணாடிக்குள் கேட்பவரும் கிடைப்பார்கள்.

தோட்டம்

வெளியே வந்ததும் இரண்டு பொறிகள். ஒன்று, மரத்தடிப் புள்ளிவெயில்: முகத்தில் திட்டுத் திட்டாக வெளிச்சம். ஃபோனில் பார்க்க அழகாகத் தெரிந்தாலும் தவிருங்கள். மற்றது பச்சை. வசந்தத்துத் துளிர் இலையும் புது இளம்புல்லும் பளிச்சென்று பச்சையைத் தெறிக்கும். தாடைக்கு அடியிலும் வெளிர் உடையிலும் அது ஏறி உடம்பு சரியில்லாதவர்போலக் காட்டும். கல் பாவிய முற்றம், சரளைப் பாதை, வெளிர் சுவருக்கு எதிர்ப்பக்கம் ஆகியவை நல்ல இடங்கள், ஏனென்றால் தரையே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பச்சை ஏறிவிட்டால் பிறகு கணினியில் டின்ட்டை (பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையிலான நிறச் சமன்) மெஜந்தா பக்கம் தள்ளலாம், ஓரளவுதான் போகும்.

குளிர்பானம் பரிமாறும் இடத்துக்குப் பக்கத்தில் எப்போதும் கூட்டம் கூடும். சூரியன் கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும்படி அந்த மேஜையை எங்கே போடுவது என்று விருந்து ஏற்பாட்டாளரிடம் முந்தின நாளே கேட்டுக்கொண்டால், ஒரு மணி நேரமும் முகங்களில் மென்மையான வெளிச்சம். பிறகு 35-ஐ மாட்டிக்கொண்டு ஒன்றரை, இரண்டு மீட்டரில் நின்று பொறுமையாக இருங்கள். முதல் ஐந்து நிமிடம் உங்களைப் பார்ப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் தாவிக்கொண்டே இருந்தால் அந்த ஐந்து நிமிடம் முடியவே முடியாது.

மழைக்கு: வெள்ளை அல்லது நிறமில்லாத குடைகள் மட்டும். சிவப்புக் குடையின் கீழ் முகமும் சிவந்துவிடும்.

குடும்பப் படம் வேண்டாம் என்று தோழி சொன்னாலும் 15 நிமிடம் ஒதுக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். இருபது ஆண்டு கழித்துத் தேடப்படுவது அந்தப் படங்கள்தான். ஆறு குழு, பட்டியல் எழுத்தில், பெயர் சொல்லிக் கூப்பிட இரு வீட்டாரையும் தெரிந்த ஒருவர். நிழலில் நிறுத்துங்கள், f/5.6, குழுவுக்கு ஐந்து படம், கண் இமைப்பவர் எப்போதும் ஒருவர் இருப்பார். வயதானவர்கள் உள்ள குழுவை முதலில் முடித்து அவர்களை உட்கார அனுப்புங்கள்.

மாலையும் இரவும்

வாழ்த்துரைக்கு 85. பேசுபவரை இரண்டு படம் எடுத்ததும் கேட்பவர்கள் பக்கம் திரும்பிவிடுங்கள். பொழுது சாயும் நேரத்துக்கு 20 நிமிடம் முன்னால் மணமக்களைத் தோட்டத்தில் ஒரு சுற்று நடந்துவரச் சொல்லலாம். இது போஸ் இல்லை, அவர்களுக்கு ஒரு மூச்சுவிடும் இடைவேளை. நீங்கள் பத்தடி தள்ளி வாருங்கள்.

நடனம் உள்ளேயே என்றால் ஃப்ளாஷ் கிடையாது. இசைக்குழு விளக்கோ வாசல் விளக்கோ ஒரு பக்கத்திலிருந்து விழும் இடத்தைப் பிடித்து, f/2, 1/250, ஐஎஸ்ஓ ஏறுகிற வரை ஏறட்டும். சிவப்பு, நீல விளக்கில் நிறம் கெட்டால் கறுப்பு வெள்ளை கைகொடுக்கும். வெளியே பந்தலில் என்றால் ஃப்ளாஷ் கட்டுப்பாடு பொருந்துமா என்று முன்னதாகவே கேளுங்கள்.

முடிந்த பிறகு

காலையில் தொடங்குவதற்கு முன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் விநாடி சுத்தமாக ஒன்றாக்குங்கள். மறந்தால் மோதிரம் போடுவதற்கு முன்பே கைதட்டுவதாக வரிசை கலைந்துவிடும். இரண்டு கார்டு போடும் கேமராவாக இருந்தால் இரண்டிலும் ஒரே சமயத்தில் பதியும்படி வையுங்கள். ஒரு ரா கோப்பு (கேமரா பதியும் பதப்படுத்தாத மூலக்கோப்பு) 30 எம்பி என்று வைத்தால் 2,500 படத்துக்கு 75 ஜிபி; 128 ஜிபி கார்டு தாராளம். ஒவ்வொரு கேமராவுக்கும் மூன்று பேட்டரி. இரண்டு வன்வட்டில் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைக்கும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

தேர்வு செய்யும்போது 2,500-ஐ 500 அளவுக்குக் குறையுங்கள். முதல் சுற்றில் கூர்மையைப் பார்க்காதீர்கள், முகத்தை மட்டும் பாருங்கள். சற்றே அசைந்துபோன, ஆனால் தாத்தா வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்று இருந்தால், அதே மேஜையில் எடுத்த கூர்மையான மூன்று படங்களை நீக்கிவிட்டு அதை வையுங்கள்.