அடிபடாமலே கிட்னியைச் சுற்றி ரத்தம்: எடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். 38 வயதான என் வீட்டுக்காரருக்குத் திடீரென இடது விலாவுக்குக் கீழே வலி. கல் என்று இரண்டு நாள் வலி ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் மயங்கி விழுந்தார். கிட்னியைச் சுற்றி ரத்தம் தேங்கியிருக்கிறதாம், ரத்தக்குழாய் அழற்சியாம். அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். கிட்னியை உடனே எடுக்கணும், தெரிந்த இடம் இருக்கிறது என்று வாசலில் ஒருவர் கூப்பிடுகிறார். போகலாமா?

பதில்: போகாதீர்கள் அம்மா. அவர் கமிஷனுக்குக் கூப்பிடுகிறார். ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஆளை ஊர் சுற்ற வைப்பதே ஆபத்து. மாற்றியே ஆக வேண்டுமென்றால் டாக்டர் எழுதிக்கொடுத்து 108-இல் போகட்டும், அதற்குக் காசு கிடையாது.

நைந்த சைக்கிள் ட்யூபில் காற்றடித்தால் ஓரிடம் புடைக்குமே, அப்படி ரத்தக்குழாயில் குட்டிக் குட்டிக் குமிழ்கள் வந்து, ஒன்று வெடித்திருக்கிறது. பாலிஆர்டரைட்டிஸ் நோடோசா என்ற நோயில் இப்படி ஆகும். ரத்தம் கிட்னிக்கு வெளியே தேங்குவதால் சிறுநீர் தெளிவாகவே போகலாம். அதனால்தான் கல் என்று ஏமாறுகிறார்கள்.

சாயம் செலுத்தி எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராமில் கசியும் கிளை தெரியும். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, அந்தக் கிளையை மட்டும் ‘காயில்’ என்ற குட்டிக் கம்பிச்சுருளை வைத்து அடைப்பார்கள். அதற்கும் ரத்தம் நிற்காமல் பிரஷர் இறங்கிக்கொண்டே போனால்தான் கிட்னியை எடுக்கும் பேச்சு. ஊசியால் கிட்னிச் சதை எடுக்கணும் என்றால், ஆஞ்சியோகிராம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். குமிழில் ஊசி பட்டால் மறுபடி கொட்டும்.

அடைத்துவிட்டால் நோய் போய்விடாது. ஸ்டீராய்டும், பெரும்பாலும் நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தும் தேவைப்படும். ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை. இந்த நோயைக் கிளப்பிவிடுவதே சிலருக்கு அந்த வைரஸ்தான். அது இருந்தால் சிகிச்சையே வேறு: வைரஸை அடக்கும் மாத்திரை, கொஞ்ச நாளுக்கு மட்டும் ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்து மாற்றுவது). தெரியாமல் ஸ்டீராய்டை மாதக்கணக்கில் கொடுத்தால் வைரஸ் பெருகிக் கல்லீரலைக் கெடுக்கும். சாதாரண ரத்தப் பரிசோதனைதான், அதன் ரிப்போர்ட் கேஸ் ஷீட்டில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

முதல்வர் காப்பீட்டு அட்டைக்கும் புரோக்கர் வேண்டாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் நேரே கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது யூராலஜி ஓபி ஒரு நாள், கிட்னி ஓபி ஒரு நாள், மூட்டு-வாத ஓபி இன்னொரு நாள் என்று அலையவிடுவார்கள். நோயாளி ஒருவர்தானே, ஒரே நாளில் பார்த்தால் என்ன? எங்கே போனாலும் ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டு கையில் இருக்கட்டும். ஸ்டீராய்டைத் தானாக நிறுத்தக் கூடாது. கடையில் வலி மாத்திரை வாங்கக் கூடாது. ரத்தக்கட்டு வற்றியதும், ஏறக்குறைய 3 மாதத்தில், மறுபடி ஸ்கேன் எடுங்கள். அதன் பின்னால் கட்டி ஏதும் ஒளிந்திருந்தால் அப்போதுதான் தெரியும்.