கூண்டில் நின்று பேசுவது – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பாறசாலை கஷாய வழக்கு பற்றித்தான் கேட்க வேண்டும். 2022 அக்டோபரில் நம் கன்னியாகுமரி மாவட்ட எல்லையோரத்தில் ஒரு கல்லூரிப் பெண், தன்னைக் காதலித்த, எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலைப் பையனை வீட்டுக்கு வரச் சொல்லி, களைக்கொல்லி கலந்த கஷாயத்தைக் கொடுத்தாள். 11 நாள் கழித்து அவன் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் இறந்தான். 2025 ஜனவரி 20 அன்று நெய்யாற்றின்கரை கோர்ட் அவளுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதற்கு முன் அவள் நீதிபதியிடம் சான்றிதழ்களைக் கொடுத்து, மேலே படிக்க ஆசை, அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை, முன்பு எந்தக் குற்றமும் செய்ததில்லை என்று கருணை கேட்டாள்.

இந்தச் செய்தி வந்ததும் எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரே சிரிப்பு. "கொன்னுட்டு காலேஜுக்குப் போணுமாம்!" வகுப்பில் இன்னும் மோசம். எந்தப் பெண்பிள்ளை தண்ணீர் பாட்டிலை நீட்டினாலும் பையன்கள் "கஷாயமா?" என்று கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைச் சொன்னதற்கு, டீச்சருக்குக் கொலைகாரிமேல் பாசம் என்றார்கள். கொலை செய்தவர்களை ஏன் கோர்ட்டில் இப்படிப் பேச விடுகிறார்கள்? பொய் சொன்னாலும் கேட்க ஆள் இல்லையா? அவளுக்காக மனசு இளகினால் அது அந்தப் பையனுக்குச் செய்யும் துரோகமா? எனக்கே தெரியவில்லை. பிள்ளைகளுக்கு என்ன சொல்ல?

அன்புடன்,
ஒரு ஆசிரியை

---

அன்புள்ள டீச்சர்,

உங்கள் ஸ்டாஃப் ரூமில் சிரித்தவர்கள், அந்தப் பெண் வெட்கமே இல்லாமல் வாய்க்கு வந்ததைப் பேசினார் என்று நினைத்திருக்கிறார்கள். சட்டம் கேட்ட கேள்விக்குத்தான் அவர் பதில் சொன்னார். ஒருவர் குற்றவாளி என்று முடிவான பிறகு, என்ன தண்டனை என்பதை அவரிடம் தனியாகக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. இப்போதைய புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. எதைக் கேட்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1980-இல் பச்சன் சிங் வழக்கில் விளக்கியது. குற்றவாளியின் வயது என்ன, திருந்த வாய்ப்பு உண்டா, வெளியே வந்தால் மற்றவர்களுக்கு ஆபத்தா? 2022-இல் மனோஜ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், குடும்பம், படிப்பு, சிறையில் நடந்துகொண்ட விதம் எல்லாவற்றையும் விசாரித்து வாங்கிப் பார்க்காமல் மரண தண்டனை பற்றி முடிவெடுக்கக் கூடாது என்றது.

இப்போது அந்தப் பெண் சொன்னதை மறுபடி படித்துப் பாருங்கள். படிப்பு, குடும்பம், முன்குற்றம் இல்லாமை. வேறு எதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்? நீதிபதி கேட்டார், ஏற்கவில்லை. அது அவருடைய அதிகாரம். ஆனால் கேட்டுவிட்டு மறுப்பது ஒன்று, வாயைத் திறந்ததற்கே சிரிப்பது வேறொன்று. நம் ஆட்கள் இரண்டாவதைச் செய்தார்கள்.

பொய் சொன்னாலும் கேட்க ஆள் இல்லையா என்கிறீர்கள். இந்தியக் கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை நீதிபதி நேரடியாகக் கேள்வி கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. பழைய சட்டத்தில் அது 313ஆவது பிரிவு. வக்கீல்கள் இன்றும் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசிக்கொள்வார்கள். அங்கே சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்லாமல் நிற்கலாம். தவறான பதில் சொன்னாலும் அதற்காகத் தண்டிக்க முடியாது. ஸ்டேஷனில் எப்படி வாக்குமூலம் வாங்குவார்கள் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது என்பதும், தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சாசனம் சொல்வதும் அதனால்தான். நிரூபிக்கும் வேலை அரசாங்கத்துடையது. குற்றவாளி பொய் சொன்னார் என்பதை வைத்து, அரசுத் தரப்பு வழக்கில் உள்ள ஓட்டையை அடைக்க முடியாது என்று 1984-இல் சரத் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

கஷாய வழக்கிலேயே இதைப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் மாஜிஸ்திரேட் வந்து கேட்டபோது அந்தப் பையன் அவளைக் குற்றம் சொல்லவில்லை. பேச்சை மட்டும் நம்பியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். அந்த விஷம் உடம்பில் என்ன செய்யும் என்று அந்தப் பெண் போனில் தேடியது, இருவருக்கும் இடையே போன செய்திகள், டாக்டர்களின் சாட்சியம் இவையெல்லாம் சேர்ந்துதான் குற்றத்தை நிரூபித்தன. அவர் கூண்டில் அழுதாரா இல்லையா என்பதற்கு அதில் இடமே இல்லை.

ஆனால் வெளியே நமக்கு அதுதான் எல்லாம். தீர்ப்பைக் கேட்டபோது முகத்தில் சலனமே இல்லை என்று டிவியில் சொன்னார்கள்; சாயாக்கடையில் அன்று முழுக்க அதே பேச்சு. அதே ஜனவரி 20 அன்று கொல்கத்தாவில் சியால்தா கோர்ட்டிலும் ஒரு தண்டனை அறிவிப்பு. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் டாக்டரைக் கொன்ற வழக்கு. அங்கே குற்றவாளி, நான் செய்யவில்லை, என்னை மாட்டிவிட்டார்கள், செய்திருந்தால் என் கழுத்திலிருந்த ருத்ராட்ச மாலை அறுந்திருக்கும் என்றார். அவருக்கு ஆயுள் தண்டனை. ஒருவர் கருணை கேட்டார், ஒருவர் மறுத்தார், இரண்டு பேச்சுக்கும் ஊர் ஒரே மாதிரி கொதித்தது. அப்படியென்றால் அவர்கள் என்ன பேசியிருந்தால் நாம் பொறுமையாகக் கேட்டிருப்போம்? எனக்குத் தோன்றுவது, நமக்கு அவர்கள் பேசவே கூடாது. அது ஆபத்தான ஆசை, டீச்சர். நாளைக்கு நிரபராதி ஒருவர் கூண்டில் நிற்கும்போதும் இதே காதுதான் கேட்கப்போகிறது.

சனங்களின் காது எப்போதும் எதிராகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு பழகிய ஆஹுஜாவைச் சுட்டுக் கொன்றார். விரும்பினால் குற்றம் சாட்டப்பட்டவரே சத்தியம் செய்து சாட்சி சொல்லலாம் என்று 1955-இல்தான் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். நானாவதி சாட்சி சொன்னார். துப்பாக்கிக்காக இருவரும் மல்லுக்கட்டினோம், அதில் குண்டு பாய்ந்துவிட்டது என்றார். நகரமே அவர் பக்கம் நின்றது. பத்திரிகை அவருக்காக வரிந்துகட்டி எழுதியது. தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்த ஜூரியில் எட்டுப் பேர் விடுவிக்கச் சொன்னார்கள், ஒருவர்தான் மறுத்தார். ஆஹுஜா அப்போதுதான் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நின்றவர். மூன்று குண்டு பாய்கிற அளவுக்கு மல்லுக்கட்டு நடந்தும் அந்தத் துண்டு அவிழவே இல்லை! உயர் நீதிமன்றம் அந்தக் கதையை நம்பவில்லை. ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மிடுக்கான அதிகாரி சொன்னதை உண்மை என்று நம்பிய கூட்டமும், எல்லையோரப் பெண் சொன்னதைக் கேட்டுச் சிரித்த கூட்டமும் ஒரே வேலையைத்தான் செய்தன. ஆளைப் பார்த்தன, துண்டைப் பார்க்கவில்லை.

இனி உங்களை உறுத்திய விஷயம். மனசு இளகுவது துரோகம் இல்லை. எனக்கு அந்தக் குற்றத்தின் கொடூரத்தில் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. கஷாயத்தில் கலந்த பாராகுவாட் என்பது நம் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரிந்த களைக்கொல்லிதான். குடித்தால் வாயும் தொண்டையும் புண்ணாகி வெந்துபோகும். அப்புறம் சிறுநீரகம், கடைசியில் நுரையீரல். மாற்று மருந்து கிடையாது. நினைவு இருக்கும்; மூச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்காமல் அந்தப் பையன் கிடந்ததைத் தீர்ப்பிலேயே நீதிபதி சொல்லியிருக்கிறார். அவனை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அதனால்தான் உங்கள் வகுப்புப் பையன்களின் "கஷாயமா?" எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் கொலைகாரியைக் கேலி செய்வதாக நினைக்கிறார்கள். அந்தச் சிரிப்பு போய் விழுவது அவன்மேல். அவன் வாங்கிக் குடித்தது நம்பிக்கையினால். அதையா கேலி செய்வது? அவனுடைய அம்மா நெய்யாற்றின்கரையிலோ மார்த்தாண்டத்திலோ பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பக்கத்தில் யாராவது இப்படிச் சொல்லிச் சிரித்தால் அவருக்கு எப்படி இருக்கும்? வகுப்பில் இதை நேராகவே கேளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் புரியும். தண்ணீர் பாட்டிலை நீட்டியதற்காகக் கொலைகாரிப் பட்டம் வாங்கும் அந்தப் பெண்பிள்ளைகளுக்காகவும் கேளுங்கள். ஒருத்தி செய்ததற்கு வகுப்பில் இருக்கும் எல்லாப் பெண்பிள்ளைகளும் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

மரண தண்டனை எனக்கு உடன்பாடில்லை. அது பெரிய பேச்சு, இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் இவ்வளவு பேசிய பிறகு இவளுக்கு எதற்கு அப்பீல் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் எந்த மரண தண்டனையும் நிறைவேறாது. குற்றவாளி கேட்காவிட்டாலும் வழக்கு அங்கே போயே தீரும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-இல் அவருக்கும் தியாகராஜ பாகவதருக்கும் தீவாந்தர தண்டனை கிடைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அப்பீலைத் தள்ளியது. அன்று எல்லாவற்றுக்கும் மேலான கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னைக்குத் திரும்பி, 1947-இல்தான் இருவரும் விடுதலையானார்கள். கஷாய வழக்கில் தீர்ப்பு மாறும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பீல் என்ற வழி இல்லாதிருந்தால் கலைவாணர் சிறையிலேயே கிடந்திருப்பார். யாருக்கு அந்த வழி, யாருக்கு இல்லை என்று நாம் ஆள் பார்த்துப் பிரிக்க ஆரம்பித்தால் அடுத்த கலைவாணருக்கும் அது இருக்காது.

பிள்ளைகளுக்கு என்ன சொல்ல என்று கேட்டிருந்தீர்கள். சொல்வதைவிடக் காட்டலாம். விஷம் கொடுத்தது இந்தப் பக்கம், உயிர் போனது அந்தப் பக்கம்; சட்டப்படி இரண்டு பக்கக் கோர்ட்டிலும் விசாரிக்கலாம் என்பதால் இந்த வழக்கு நம் மாவட்டத்திலேயே நடந்திருக்கவும் கூடும். அப்படி நடந்திருந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து கேட்டிருக்கலாம், ஏனென்றால் கோர்ட் எல்லோருக்கும் திறந்த இடம். உங்களுக்குக் குழித்துறை பக்கம்தானே. சின்ன அடிதடி வழக்கோ சொத்து வழக்கோ போதும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு சாட்சியை எத்தனை மணி நேரம் கேள்வி கேட்கிறார்கள், குறுக்கு விசாரணையில் ஒரு சின்னத் தேதி எப்படி மாறிப்போகிறது, ஒன்றும் நடக்காமல் வாய்தா கொடுத்து அனுப்புவது எப்படி, எல்லாவற்றையும் பார்க்கட்டும். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு. அங்கே வக்கீலாக இருக்கும் நண்பர் ஒருவரிடம் நான் சொல்லி வைக்கிறேன். எந்த வழக்கு, எப்போது விசாரணை என்று அவர் பார்த்துச் சொல்வார். முழுப் பரீட்சைக்கு முன்னால் தோதான நாள் ஒன்றைச் சொல்லுங்கள்.

அன்புடன்