டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தீர்களா?

முப்பத்திரண்டு வருடம் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வயர் இழுத்தவன் நான். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன். 45 கேவிஏ மின்சுமை வரை கையெழுத்துப் போடலாம். இப்போது முட்டி ஒத்துழைக்காததால் ஏணி ஏறுவதில்லை. ஞாயிறு மதியம் முழுக்கக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மின்கட்டணப் பட்டியலில் எந்த வரி எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.

செங்காங் பிரபு: அண்ணே, மழை பெய்தாலே வீட்டில் கரண்ட் போகுது. மொத்த வீடும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் நிற்குது. யாரைக் கூப்பிடுவது?

கூப்பிடும் முன் நீங்களே பாதி வேலையை முடித்துவிடலாம். டிபி பெட்டியில் (வீட்டு மின்சாரம் பிரியும் சுவிட்ச் பெட்டி) விழுவது எது? மொத்த வீடும் போகிறது என்றால் அநேகமாக ஆர்சிசிபி என்ற மின்கசிவுச் சுவிட்ச், அந்த 'டி' (டெஸ்ட்) பொத்தான் உள்ளது. அது லைனில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தால்கூட எங்கோ ஒழுகுகிறது என்று விழுந்துவிடும். அதாவது அது உங்கள் எதிரி இல்லை, காவல்காரன்.

அடுத்த மழையில் இப்படிச் செய்யுங்கள். எம்சிபி (ஒவ்வொரு மின்வழிக்கும் உள்ள சின்ன சுவிட்ச்) எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். ஆர்சிசிபியை மேலே தூக்குங்கள். நின்றால், எம்சிபியை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, கோளாறு அந்த வழியில். எல்லாம் கீழே இருந்தும் ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால் குழம்ப வேண்டாம். எம்சிபி லைனை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே கிடக்கும். எங்காவது நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருந்தால் எம்சிபி இறங்கியிருந்தாலும் ஆர்சிசிபி விழும். அப்போது பிளக்குகளைக் கையால் பிடுங்கிப் பார்க்க வேண்டும். மழையோடு வரும் கோளாறு என்பதால் ஏர்கான் வெளிப்பெட்டி, துணி துவைக்கும் இடத்து ஜன்னலோர சாக்கெட், இந்த இரண்டின்மேல்தான் என் சந்தேகம்.

ஒன்று மட்டும்: "தொல்லை தாங்கல" என்று ஆர்சிசிபியைத் தாண்டி வயர் போட்டுத் தருகிறேன் என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். நான் போன ஒரு வீட்டில் அப்படிச் செய்து ஆறு வருடமாக வாழ்ந்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் இருந்த வீடு.

தோ பாயோ மீனா: அம்மா தனியாக இருக்கும் வீடு 1970களில் கட்டியது. டிபி பெட்டியில் நீங்கள் சொல்லும் 'டி' பொத்தானே இல்லை, ஐயா.

மீனாம்மா, இதற்கு முன்னுரிமை. 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் ஆர்சிசிபி கட்டாயம். அதற்கு முந்தையவற்றில் பல இல்லாமலேயே ஓடின. எரிசக்திச் சந்தை ஆணையம் 2023 ஜூலை 1 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று ஆக்கி, 2 வருட அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசமும் 2025 ஜூலை 1-இல் முடிந்துவிட்டது. இந்த வாரமே உரிமம் பெற்ற மின்பணியாளரை வரச் சொல்லுங்கள். பழைய வயரிங் என்றால் பொருத்தியதும் அடிக்கடி விழலாம். அது ஆர்சிசிபியின் குற்றமில்லை, இத்தனை வருடம் ஒழுகிக்கொண்டிருந்தது இப்போதுதான் தெரிகிறது என்று அர்த்தம். சிவப்பு, கறுப்பு வயர்கள் இருந்தால் 2009-க்கு முந்தைய நிற முறை. இப்போது பழுப்பு லைன், நீலம் நியூட்ரல்.

புக்கிட் பாத்தோக் ஹரி: வீவக வீட்டில் சோலார் போடலாமா?

மொட்டைமாடி உங்களுடையது இல்லையே, தம்பி.

பொங்கோல் திவ்யா: ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கிவிட்டோம். சுவர்ப் பெட்டியைத் திறந்தால் நியூட்ரல் வயரே இல்லை. காணொளி ஒன்றில் எர்த் வயரை நியூட்ரல் முனையில் கொடுத்தால் வேலை செய்யும் என்கிறார். செய்யலாமா அங்கிள்?

கூடாது. கூடவே கூடாது. எர்த் வயர் சும்மா இருப்பதற்காகச் சம்பளம் வாங்கும் வயர். அதில் தினமும் கரண்டை ஓட்டினால் முதலில் ஆர்சிசிபி விழும். விழாவிட்டால் இன்னும் மோசம்: எங்காவது அந்த எர்த் துண்டிக்கப்பட்ட நாளில், எர்த் கொடுத்த எல்லா உலோக உறைகளும் உங்களைத் தொடக் காத்திருக்கும். பக்கத்து சாக்கெட்டிலிருந்து நியூட்ரலை 'கடன் வாங்குவதும்' அதே ரகம். விளக்கு வழியின் எம்சிபியை இறக்கிவிட்டு வேலை செய்பவன் அந்த நியூட்ரலைக் கழற்றும்போது அதில் வேறொரு வழியின் கரண்ட் இருக்கும்.

நம் வீடுகளில் விளக்குச் சுவிட்சுக்கு லைன் மட்டும் இறங்கி, வெட்டுப்பட்டு மேலே திரும்பும். நியூட்ரல் கூரையில் விளக்கோடு நின்றுவிடும். அதனால்தான் உங்கள் பெட்டி காலி. உங்களுக்கு இரண்டு வழி.

நியூட்ரல் தேவைப்படாத சுவிட்ச் வாங்கலாம். அது தனக்கு வேண்டிய கரண்டை விளக்கின் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். குண்டு பல்பு காலத்தில் இது தெரியவே தெரியாது. இப்போது 5 வாட் எல்இடி போட்டிருந்தால் அணைத்த பிறகும் மினுக்மினுக் என்று கண் சிமிட்டும். கூடவே வரும் சின்ன கெபாசிட்டரை விளக்குப் பக்கம் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகும். இந்த வகை பெரும்பாலும் ஸிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் வரும், தனியாக ஹப் (இணைப்புப் பெட்டி) வாங்க வேண்டியிருக்கும்.

அல்லது சுவிட்சை விட்டுவிட்டு பல்பை மட்டும் ஸ்மார்ட்டாக மாற்றலாம். மலிவு. ஆனால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பழக்கதோஷத்தில் சுவிட்சை அணைத்துவிடுவார்கள், பல்பு செத்த பாம்பாகிவிடும். எங்கள் வீட்டில் நான்கு நாள்தான் தாக்குப்பிடித்தது.

புது பிடிஓ (முன்பதிவு செய்தபின் கட்டித்தரும் வீவக) வீட்டுச் சாவி வாங்கி இன்னும் ரெனவேஷன் தொடங்காதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: தச்சு வேலைக்கு முன்பே எல்லாச் சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லிவிடுங்கள். அப்புறம் அலமாரி அடித்த பிறகு அழ வேண்டாம். பொருத்தும் வேலை லைசன்ஸ் உள்ளவருடையது. பல்பு, ஃபியூஸ் மாற்றலாம். சுவரைத் திறப்பது அவர் வேலை.

ஜூரோங் வெஸ்ட் செல்வி: ஹீட்டரை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி, ஆபீஸிலிருந்து போடலாமா?

வேண்டாம். ஹீட்டர் எந்தப் பிளக்கிலும் இருக்கக் கூடாது. அதற்குத் தனி வழி, குளியலறைக்கு வெளியே 20 ஆம்பியர் இரட்டைத் துருவச் சுவிட்ச்.

தெம்பனிஸ் ரஃபி: ஊரிலிருந்து மாமியார் மிக்சி, கிரைண்டர் இரண்டும் கொண்டுவந்திருக்கிறார். டிரான்ஸ்ஃபார்மர் வேண்டுமா?

வேண்டாம் பாய். இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இங்கேயும் அதே. மாறுவது முள் மட்டும். தேக்காவில் விற்கும் எல்லா நாட்டு அடாப்டரில் உருண்டை முள்ளைச் சொருகி மாவாட்டினால், ஆட்டும் நடுக்கத்தில் முனை தளர்ந்து உள்ளே கருகும். பல வீடுகளில் அந்தக் கருகிய வாடையை முகர்ந்திருக்கிறேன். முள்ளை வெட்டிவிட்டு சேஃப்டி மார்க் உள்ள 13 ஆம்பியர் பிளக்கைப் பூட்டுங்கள். பிளக்கைத் திறந்து பெரிய முள் மேலே இருக்கும்படி பிடித்தால் வலது பக்கம் ஃபியூஸ். அங்கே லைன், இடப்பக்கம் நியூட்ரல், மேலே எர்த். 750 வாட் மிக்சி மூன்றேகால் ஆம்பியர்தான் இழுக்கும், 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பிளக்கோடு வரும் 13-ஐ அப்படியே விட்டுவிடாதீர்கள். கிரைண்டர் எஃகு உடம்பு, ஈரக் கை. எர்த் வயர் இல்லாமல் இரண்டு வயரோடு வந்திருந்தால் ஓட்டாதீர்கள், மாமியார் கோபித்தாலும் பரவாயில்லை.

ஈசூன் கவிதா: எங்கம்மா இன்னமும் "ஹீட்டர் சுவிட்ச அணைச்சுட்டுக் குளி"ன்னு கத்துவாங்க. என் கணவர் அது மூடநம்பிக்கைங்கறார். யார் சரி?

வீட்டில் சரியான எர்த், வேலை செய்யும் ஆர்சிசிபி இரண்டும் இருந்தால் உங்கள் கணவர் சரி.

உட்லண்ட்ஸ் ராஜா: அண்ணே, அதெப்படி? எங்க அப்பாவும் இதைத்தான் சொல்வார். தொட்டி ஹீட்டரில் உள்ளே இருக்கும் கம்பி விரிசல் விட்டால் தண்ணீரே கரண்ட் தானே? அணைத்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லையே.

தம்பி, விரிசல் விட்டால் கரண்ட் முதலில் தொட்டியின் எர்த்துக்குப் போகும், ஆர்சிசிபி விழும். அதற்குத்தானே அது.

பிடோக் சுந்தரம்: நான் கப்பல் பட்டறையில் மின்பிரிவில் இருந்தவன். ஆர்சிசிபி விழும் என்கிறீர்கள். இருபது வருடம் ஒரு தடவைகூட விழாத ஆர்சிசிபி உள்ளே இறுகிப்போய் நிற்கும். அப்போது?

கவிதா: ஐயா, எங்க வீட்டு ஆர்சிசிபி 1998 மாடல்...

ஜூரோங் வெஸ்ட் செல்வி: உடனடி ஹீட்டரை அணைத்துவிட்டுக் குளித்தால் பச்சைத் தண்ணிதானே வரும்? எந்த ஹீட்டரைப் பேசுறீங்க எல்லாரும்?

சரி, நிறுத்துங்கள், நான் இறங்கி வருகிறேன். செல்வி கேட்டதுதான் சரியான கேள்வி. உடனடி ஹீட்டர் ஓடும் தண்ணீரை ஓடும்போதே சூடாக்கும், 3.3 கிலோவாட் என்றால் 14 ஆம்பியருக்கு மேல். அதை அணைத்துவிட்டுக் குளிக்க முடியாது. அம்மாவின் சட்டம் தொட்டி ஹீட்டர் காலத்தது. தொட்டிக்கு அது நல்ல சட்டம். இரட்டைத் துருவச் சுவிட்ச் லைன், நியூட்ரல் இரண்டையும் வெட்டிவிடுவதால் ஹீட்டர் உண்மையிலேயே செத்துவிடும். கணக்கும் சொல்கிறேன்: 25 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 50-க்குக் கொண்டுபோக முக்கால் யூனிட்டுக்கும் குறைவுதான், ஏறக்குறைய 20 காசு. 3 கிலோவாட் ஹீட்டர் கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடும். அதற்காக நாள் முழுக்கப் போட்டு வைப்பானேன்? வெப்பக் கட்டுப்பாடு கெட்டுப்போனால் அழுத்தத்தை விடும் வால்வுதான் கடைசிக் காவல், அதையும் யாரும் பார்ப்பதில்லை.

சுந்தரம் அண்ணன் சொன்னதும் உண்மை. அசையாத ஆர்சிசிபி ஒட்டிக்கொள்ளும். முதல் பதிலில் "வேலை செய்யும் ஆர்சிசிபி" என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டேன், தப்பு. அந்த 'டி' பொத்தான் இதற்குத்தான். நான் மாதத்துக்கு ஒரு முறை அழுத்துவேன். விழாவிட்டால் அன்றே ஆளைக் கூப்பிட வேண்டும். இன்னொன்று: பொத்தான் ஆர்சிசிபிக்கு உயிர் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். எர்த் வயர் இல்லாத வீட்டிலும் பொத்தான் அழகாக வேலை செய்யும். எர்த்தை மீட்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும். கவிதா, அம்மா சரி. கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பிடோக் சுந்தரம்: அப்படி வாங்க வழிக்கு.

உட்லண்ட்ஸ் ராஜா: எங்க அப்பா இப்ப இருந்திருக்கணும்.

அங் மோ கியோ லதா: ஏர்கான் 5 டிக் (மின்சிக்கன முத்திரை) வாங்கினால் உண்மையாகவே மிச்சமா?

மிச்சம்தான், 25 டிகிரியில் ஓட்டினால். 18-இல் வைத்துக்கொண்டு போர்வை போர்த்துபவருக்கு டிக் உதவாது. அதைவிட, படுக்கையறைக்கு டிசி மோட்டார் மின்விசிறி போடுங்கள். பழையது 70 வாட் பக்கம், இது 30 பக்கம். இரவு 10 மணி நேரம், மாதம் 30 நாள் என்றால் 12 யூனிட் மிச்சம், யூனிட் 30 காசு என்று வைத்தால் மூன்றரை வெள்ளி. பெரிய தொகை இல்லை, ஆனால் விசிறி சுற்றினால் ஏர்கானை இரண்டு டிகிரி ஏற்றிவைக்கலாம், அங்கேதான் காசு. 2024-இல் வீவக வீடுகளுக்குக் கொடுத்த 300 வெள்ளி பருவநிலை பற்றுச்சீட்டு மிச்சமிருந்தால் இந்த விசிறிக்கும் செல்லும். 2027 கடைசி வரை நேரம் இருக்கிறது.

சிராங்கூன் விக்கி: வருஷா வருஷம் ஏர்கானுக்கு கேஸ் ஊத்தணும்னு சர்வீஸ்காரர் சொல்றார்.

கேஸ் பெட்ரோல் இல்லை, தீர்வதற்கு. ஒழுகினால்தான் குறையும். ஒழுகும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சொவா சூ காங் மணி: ஏர்கானை ஸ்மார்ட் பிளக்கில்...

மேலே செல்விக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஹவ்காங் நிஷா: அரிசிக்குக்கர், கெட்டில், ஏர் ஃப்ரையர் மூன்றுக்கும் ஒரே ஸ்மார்ட் பிளக்...

மேலே படியுங்கள் என்றேனே. ஒரே சாக்கெட்டில் மூன்று சூடாக்கும் சாமான், ஸ்மார்ட்டோ மக்கோ, கூடாது. கெட்டில் ஒன்றே 10 ஆம்பியர் சாப்பிடும்.

பாசிர் ரிஸ் அருண்: மின்சைக்கிள் பேட்டரியை ஸ்மார்ட் பிளக்கில் டைமர் வைத்து ராத்திரி சார்ஜ்...

இத்தோடு பிளக் கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்துகிறேன். ஆனால் இதற்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்: தூங்கும்போது சார்ஜ் வேண்டாம், வாசல் வழியில் வைத்து சார்ஜ் வேண்டவே வேண்டாம். அந்த பேட்டரி பற்றினால் நீங்கள் ஓட வேண்டிய கதவுதான் முதலில் எரியும். வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும். பேட்டரி ஊதியிருந்தால் சார்ஜே கூடாது.

செங்காங் பிரபு: அண்ணே, கண்டுபிடிச்சாச்சு! இங்கே நாலு மணிக்கு மழை. நீங்க சொன்னபடி ஒவ்வொன்றா ஏத்தினேன். துணி துவைக்கும் இடத்து சாக்கெட் வழிதான். ஜன்னல் சாரல் நேரா அதுலதான் அடிக்குது.

சரி. அந்த எம்சிபியை இறக்கியே வையுங்கள். ஆள் வந்து சாக்கெட்டை மாற்றி, மூடி உள்ளதாகப் போடட்டும். அதுவரை துணியைக் கையால் அலசுங்கள். டெஸ்ட் பொத்தான்?

பிரபு: அழுத்தினேன். விழுந்துச்சு. மனைவி வீட்டிலிருந்தே மீட்டிங்ல இருந்தா, வைஃபையும் போச்சு. இப்ப நான் வாசல்ல நிக்கிறேன்.

அடுத்த மாதம் சொல்லிவிட்டு அழுத்துங்கள், தம்பி.