டைவ் முடிந்ததும் அல்ட்ராசவுண்ட் எடுத்தால் டிகம்ப்ரஷன் நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஆழத்திலிருந்து மேலே வரும்போது, உடம்பில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாக மாறும். அதில் தெரிவது அந்தக் குமிழிகள்தான், அவற்றால் வரும் நோய் தெரியாது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் டைவ் முடிந்து உடம்பு ஏதோ சரியில்லை, ஸ்கேன் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருப்பதுபோல் இருக்கிறது. அப்படியென்றால் மீதியை அப்புறம் படியுங்கள். ஆக்சிஜன் எடுத்துக்கொண்டு டைவிங் மருத்துவம் தெரிந்த டாக்டரை உடனே கூப்பிடுங்கள்.

நான் ஒரு ஆய்வுக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன். 30 மீட்டர் டைவ். மேலே வந்து அரை மணி நேரம் கழித்து நெஞ்சில் ஜெல் தடவி டாப்ளர் (குமிழிகளைச் சத்தமாகக் கேட்கவைக்கும் அல்ட்ராசவுண்ட்) வைத்தார்கள். இதயத்துடிப்புக்கு நடுவே எப்போதாவது ஒரு சின்னக் கீச், அவ்வளவுதான். குமிழிகளை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் ஸ்பென்சர் அளவுகோலில் 1. கூட வந்த நண்பரை முழங்காலை மடக்கி எழச் சொன்னதும் ஒவ்வொரு துடிப்பிலும் குமிழிச் சத்தம் கேட்டது, அவருக்கு 3. அவர் அன்று நிம்மதியாகத் தூங்கினார். தோள் வலியில் கையைத் தூக்க முடியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது நான்.

படகுப் பொறுப்பாளர், "1 தானே வந்திருக்கு, சிலிண்டர் தூக்கினதுல பிடிச்சிருக்கும்" என்றார். நானும் நம்பினேன். காலையில் விரல்கள் மரத்த பிறகுதான் அழுத்த அறைக்குப் போனேன். 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி ஆக்சிஜன், கிட்டத்தட்ட 5 மணி நேரம். அந்த ராத்திரியை வீணாக்கியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நெஞ்சில் வைக்கும் டாப்ளருக்குக் கேட்பது, சிரைகள் வழியாக இதயத்தின் வலப்பக்கம் வந்து சேரும் குமிழிகள் மட்டும். மூட்டைச் சுற்றித் திசுவில் தங்கிவிட்டது அதற்குக் கேட்காது. வந்து சேர்வதையும் பெரும்பாலும் நுரையீரல் வடிகட்டிவிடுகிறது, அதனால்தான் நிறையக் குமிழி இருந்தும் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை.

உடனே அல்ட்ராசவுண்டையே குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வரவேண்டாம். எந்த டைவ் அட்டவணை (எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற கணக்கு) பாதுகாப்பானது என்று பலரை வைத்து ஒப்பிட அது அருமையான கருவி, குமிழி குறைவாக வரும் அட்டவணையில் நோயும் அரிதாகத்தான் வருகிறது. ஆனால் வலியோடு வந்து நிற்கும் ஒரு ஆளிடம் அந்த எண்ணைக் காட்டி "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லக் கூடாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். உடம்பில் சேரும் நைட்ரஜனைக் கணக்கிட்டுச் சொல்லும் ஒரே டைவ் கம்ப்யூட்டரைக் காலையில் ஒருவர் கையிலும் மத்தியானம் இன்னொருவர் கையிலும் கட்டி அனுப்புகிறார்களே, அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அதில் இருப்பது காலையில் போனவரின் நைட்ரஜன் கணக்கு. இதைச் சொன்னதற்கு இரண்டு இடங்களில் என்னைத் தொந்தரவு பிடித்தவன் என்றார்கள்.