அமெரிக்க அதிபர் நாற்காலி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் குடியேறி, குடியுரிமை வாங்கி, கவர்னராகவே ஆனவர்கூட அதிபராக முடியாதாமே?

பதில்: முடியாது. அந்த நாட்டு அரசியல் சட்டம் அதிபருக்குக் கேட்பது மூன்றே தகுதிகள். பிறப்பிலேயே குடிமகனாக இருக்க வேண்டும். 35 வயது ஆகியிருக்க வேண்டும். 14 வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். படிப்பு, சொத்து, மதம் எதையும் கேட்பதில்லை. ஆஸ்திரியாவில் பிறந்த அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் கலிஃபோர்னியாவுக்கு கவர்னர் ஆனார். அதற்கு மேல் வழியில்லை. கமலா ஹாரிஸின் அம்மா தமிழ்ப் பெண், அப்பா ஜமைக்காக்காரர். ஆனால் அவர் பிறந்தது கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் என்பதால் எந்தத் தடையும் இல்லை.

1787-இல் அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, படைத்தலைமை வெளிநாட்டில் பிறந்தவர் கைக்குப் போகக் கூடாது என்று அன்று வெளியுறவைக் கவனித்துவந்த ஜான் ஜே, சட்டத்தை எழுதிய மாநாட்டின் தலைவர் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். புது நாடு, பலவீனமான நாடு. அன்று அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இன்று, கைக்குழந்தையாக வந்து, அங்கேயே படித்து, அந்த நாட்டு ராணுவத்தில் சண்டை போட்டவருக்கும் கதவைச் சாத்துவது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: இரண்டு முறை ஜெயித்தவர் துணை அதிபராக நின்று, பிறகு அதிபர் ராஜினாமா செய்தால், மூன்றாம் முறையாக அந்த நாற்காலியில் உட்காரலாமா?

பதில்: நல்ல கேள்வி. அங்கே சட்டப் பேராசிரியர்களே இதில் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை ஜெயித்த பிறகு, 1951-இல் அரசியல் சட்டத்தின் 22-ஆவது திருத்தம் வந்தது. இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் ‘தேர்ந்தெடுக்கப்படக்’ கூடாது என்கிறது அது. தேர்தலில் நிற்காமல் வாரிசாக வருவதைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆனால் 1804-இல் வந்த 12-ஆவது திருத்தம், அதிபராகத் தகுதியில்லாதவர் துணை அதிபராகவும் முடியாது என்கிறது. நீதிமன்றம் இதுவரை தீர்ப்புச் சொன்னதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முடியாது என்பதே என் வாசிப்பு. மக்கள் முன்வாசலில் போட்ட பூட்டைப் பின்வாசல் வழியாகத் திறக்கவிடக் கூடாது.

கேள்வி: அதிபர் நினைத்தால் போர் அறிவிக்கலாமா?

பதில்: போர் அறிவிக்கும் அதிகாரம் அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தான். அது கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942-இல். கொரியா, வியட்நாம், இராக் எதற்கும் அப்படி ஓர் அறிவிப்பு இல்லை. முப்படைத் தலைவர் என்ற முறையில் அதிபர்கள் படையை அனுப்பினார்கள். சிலவற்றுக்கு காங்கிரஸ் அனுமதித் தீர்மானம் போட்டது, கொரியாவுக்கு அதுவும் கிடையாது. படையை அனுப்பிய 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1973-இல் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். கடிவாளம் இன்னும் தளர்வாகத்தான் இருக்கிறது.

கேள்வி: அதிபர் இறந்தால் துணை அதிபர் வருவார், தெரியும். உயிரோடு இருந்தும் செயல்பட முடியாமல் கிடந்தால்?

பதில்: இதை விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர்களுக்கு அமெரிக்க ஆட்சிமுறை நடத்திய காலத்திலிருந்தே என்னை அலைக்கழிக்கிற விஷயம் இது.

அரசியல் சட்டத்தை எழுதிய 1787 மாநாட்டில் ஜான் டிக்கின்ஸன் என்ற உறுப்பினர் எழுந்து, இயலாமை என்றால் எதுவரை, அதை முடிவு செய்வது யார் என்று கேட்டார். பதில் எழுதாமலே விட்டுவிட்டார்கள். இறப்புக்கே தெளிவு இல்லை. 1841-இல் பதவியேற்ற ஒரே மாதத்தில் வில்லியம் ஹென்றி ஹாரிஸன் இறந்தபோது, துணை அதிபர் ஜான் டைலர் வெறும் பொறுப்பாளரா, முழு அதிபரா என்று சண்டை. டைலர் விட்டுக்கொடுக்கவில்லை, அதுவே வழக்கமாகிவிட்டது.

அந்த வழக்கமே பிறகு ஒரு முட்டுக்கட்டை ஆனது. துணை அதிபர் ஒருமுறை உள்ளே வந்தால் முழு அதிபர் என்றால், குணமாகி எழுந்து வருபவர் எங்கே போவார்? 1881 ஜூலை 2-ஆம் தேதி சுடப்பட்ட ஜேம்ஸ் கார்ஃபீல்டு செப்டம்பர் 19 வரை படுக்கையில் உயிருக்குப் போராடினார். சுட்டவன், இனி ஆர்தர்தான் அதிபர் என்று கத்தியிருந்தான். துணை அதிபர் செஸ்டர் ஆர்தர் எப்படி முன்னால் வருவார்? நியூயார்க்கிலேயே ஒதுங்கி இருந்தார். அந்தக் கண்ணியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அத்தனை வாரமும் நாட்டுக்குத் தலைமை இல்லை.

1919 அக்டோபரில் உட்ரோ வில்சனுக்குப் பக்கவாதம். எந்தக் காகிதம் அவரிடம் போகலாம், யார் பார்க்கலாம் என்பதை மனைவி ஈடித் முடிவு செய்தார். துணை அதிபர் தாமஸ் மார்ஷல் வாய் திறக்கவில்லை. அதிபர் இல்லாமல் அமைச்சரவையைக் கூட்டிய வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங்கை, 1920 பிப்ரவரியில் வில்சன் ராஜினாமா செய்ய வைத்தார். வில்சனின் பதவிக்காலம் முடிந்த 1921 மார்ச் வரை இப்படியே ஓடியது. கணவரைக் காக்க நினைத்த மனைவியின் மீது எனக்குக் கோபமில்லை. வழியே எழுதி வைக்காதவர்கள் மீதுதான்.

கென்னடி கொலைக்குப் பிறகுதான் வேகம் வந்தது. 1967-இல் 25-ஆவது திருத்தம் நிறைவேறியது. அதன்படி அதிபரே கடிதம் எழுதிப் பொறுப்பைத் தற்காலிகமாக ஒப்படைக்கலாம். 2021 நவம்பர் 19-இல் பைடன் மயக்க மருந்து எடுத்துக்கொண்ட 85 நிமிடம், அன்றைய துணை அதிபர் கமலா ஹாரிஸ் பொறுப்பு அதிபர். அமெரிக்க வரலாற்றில் அந்தப் பொறுப்பு ஒரு பெண்ணிடம் வந்தது அதுவே முதல் முறை. அதிபர் எழுத முடியாத நிலையில் இருந்தாலோ, எழுத மறுத்தாலோ, துணை அதிபரும் அமைச்சர்களில் பெரும்பான்மையினரும் எழுதலாம். தன்னால் செயல்பட முடியும் என்று அதிபர் மறுத்தால், அவரை விலக்கி வைக்க காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இந்தப் பிரிவை இதுவரை யாரும் கையில் எடுத்ததில்லை.

கேள்வி: அதிபர், துணை அதிபர் இருவருமே இல்லாமல் போனால்?

பதில்: 1947 சட்டப்படி காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர், அடுத்து மேலவையான செனட்டின் தற்காலிகத் தலைவர், பிறகு வெளியுறவு அமைச்சரில் தொடங்கி மற்ற அமைச்சர்கள். ஜெர்மனியில் பிறந்த கிஸிஞ்சர் வெளியுறவு அமைச்சராக இருந்த காலத்தில் அவரைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

சபாநாயகரை இரண்டாவதாக வைத்தது தவறு என்பது என் உறுதியான கருத்து. அவர் எதிர்க்கட்சிக்காரராகவும் இருக்கலாம். மக்கள் ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டிருக்க, ஒரு விபத்தில் ஆட்சி இன்னொரு கட்சிக்குப் போய்விடும். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன் மீது செனட்டில் பதவி நீக்க விசாரணை நடந்தபோது துணை அதிபர் கிடையாது. அன்றைய சட்டப்படி அடுத்த வாரிசு செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேட். அந்த வேட், ஜான்சன் குற்றவாளி என்று தானே ஓட்டுப் போட்டார். ஜான்சன் தப்பியது ஒரே ஓட்டில்.

1886-இல் அமைச்சர்களை மட்டும் வரிசையில் வைத்து இதைச் சரிசெய்தார்கள். 1947-இல் ட்ரூமன் கேட்டுக்கொண்டதால் மறுபடியும் மாற்றிவிட்டார்கள். இது சாதாரணச் சட்டம். திரும்பவும் மாற்ற அரசியல் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. காங்கிரஸ் ஒரு மசோதாவை நிறைவேற்றி அதிபர் கையெழுத்திட்டால் போதும்.